பாவமாம், பாவம்!

சென்ற ஆடி மாதம் விழுப்புரத்தில் ஒரு கூட்டம். பழைய சினிமாப் பாட்டுகளைப் பற்றிப் பேச என்னையும் அழைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய அன்பர் ஒருவர், பழுத்த ரஸிகர், எல்.ஆர். ஈஸ்வரியைப் பற்றிச் சொன்னார்: "அபாரமான குரல். ஆனால் என்ன செய்வது? கடைசியில் மாரியம்மன் பாட்டில் போய் முடிந்துவிட்டார், பாவம்!"

சபை தலையை ஆட்டிற்று. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் சும்மாதான் இருந்தேன். ஆனால் அந்தப் 'பாவம்' என்னைத் திண்டிவனம் வரை விடவில்லை.

யார் மீது பாவம்? ஏன் பாவம்?

நம் சினிமாவிலே ஒரு பங்கீடு இருந்தது. தலை குனிந்து நிற்கிற கதாநாயகி என்றால் பெரும்பாலும் பி. சுசீலா. கையில் கோப்பையோடு கிளப்பில் ஆடுகிறவள் என்றால் ஈஸ்வரி. 1961இல் 'பாசமல'ரின் கல்யாணப் பாட்டைப் பாடி, தமிழ்நாட்டுக் கல்யாணப் பந்தல்களிலெல்லாம் குடியேறிய குரல் அது. இருந்தும் என்ன? பெருமூச்சும் சிரிப்பும் விக்கலும் ஸ்வரத்துக்கு நடுவே வந்து விழுகிற அந்த வித்தை நமக்குக் கொஞ்சம் பயமாயிருந்தது. 1969இல் 'சிவந்த மண்'ணில் சவுக்கடிக்கு நடுவே எம்.எஸ். விஸ்வநாதன் அவரைப் பாட வைத்தாரே, கேட்டவர்களுக்குத் தெரியும். ரசித்தோம், ரசித்துவிட்டு, 'அந்த மாதிரிப் பாட்டு' என்று ஒதுக்கியும் வைத்தோம்.

அப்புறம் அவர் அம்மனைப் பாடினார். வேடிக்கை என்னவென்றால், குரலை மாற்றிக்கொண்டு பாடவில்லை. கிளப் பாட்டில் கேட்ட அதே இழுப்பு, அதே வெடிப்பு, அதே துணிச்சல். பக்திக்கென்று சாந்தமான வேறு குரலைத் தேடிப் போகவில்லை. அம்மன் அந்தக் குரலை அப்படியே வாங்கிக்கொண்டாள்.

ஏன் வாங்கிக்கொள்ளமாட்டாள்? திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாக மேல்மலையனூருக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கிற அங்காளம்மன் ஹாலில் உட்கார்ந்து வீணை வாசிக்கிற பெண் அல்ல, மயானத்தில் ஆடியவள். அமாவாசை இரவில் பம்பையும் உடுக்கையும் முழங்க, தலைவிரிகோலமாய் ஆயிரம் பெண்கள் அருள் வந்து ஆடுகிற இடம் அது. அவளுக்கு நம் கதாநாயகியின் குரல் போதுமா? கிளப்புக்காரி என்று நாம் தள்ளி வைத்த குரலில்தான் அவளுக்கு வேண்டிய உக்கிரம் இருந்தது. இதைக் கண்டுகொண்டவர்கள் விமரிசகர்கள் அல்ல, கூழ் ஊற்றுகிறவர்கள்.

இன்னொன்றும் உண்டு. ஈஸ்வரி பிறந்தது கிறிஸ்துவக் குடும்பத்தில். லூர்து மேரி என்பது பெயரிலேயே இருக்கிறது. காப்புக் கட்டுகிற எந்த ஊரிலும் அதற்காக அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே, மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் வரலாமா என்ற சண்டையில், 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலையே பூட்டி முத்திரை வைக்க நேர்ந்தது. குரல் போகலாம், ஆள் போகக் கூடாது! இதற்கல்லவா, ஐயா, 'பாவம்' சொல்லியிருக்க வேண்டும்?

2011இல் 'ஒஸ்தி' படத்தில் எழுபதைத் தாண்டிய வயதில் அவர் பாடியபோது, 'மறுபிரவேசம்' என்று ஒரே கொண்டாட்டம். அமெரிக்காவில் ஆல்பர்ட்டா ஹண்டர் என்று ஒரு ப்ளூஸ் பாடகி. பாட்டை விட்டுவிட்டு இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தார். 1977இல், எண்பத்திரண்டாவது வயதில், நியூயார்க்கில் மறுபடி மேடை ஏறினார். அது மறுபிரவேசம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈஸ்வரி எங்கே போயிருந்தார், திரும்பி வர? இசைத்தட்டிலே பாடினார், காசெட்டிலே பாடினார், இப்போது பென் டிரைவில் பாடுகிறார். 2020இல் 'மூக்குத்தி அம்ம'னுக்காகச் சினிமாக்காரர்கள் ஆடித் திருவிழாப் பாட்டு ஒன்று வேண்டுமென்று தேடியபோது அவர் வாசலுக்குத்தான் போனார்கள். அம்மன் பாட்டைப் பெரிய சங்கீதமென்று ஒப்புக்கொள்ள நமக்கு மனசில்லை. அதனால் அத்தனை வருஷத்தையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, நாம் திரும்பிப் பார்த்த தேதியை அவர் திரும்பி வந்த தேதியாக எழுதிக்கொள்கிறோம்.

அவர் பாடிய அம்மன் பாட்டுகள் எல்லாமே உயர்ந்தவை என்று நான் சாதிக்கவில்லை. சிலவற்றில் வார்த்தைகள் வெறும் அடுக்கு; வாத்தியங்களோ காதைக் கிழிக்கும். அவருடைய சினிமாப் பாட்டிலும் குப்பை இருந்ததே! அதைச் சொல்லி யாரும் பாவப்படவில்லை.

கூட்டம் முடிந்து பஸ் ஏறினேன். விக்கிரவாண்டியில் ஒரு குழாய், கூட்டேரிப்பட்டில் ஒரு குழாய். பஸ் ஒன்றைத் தாண்டுமுன் அடுத்தது பிடித்துக்கொண்டது. சுமார் நாற்பது கிலோமீட்டரும் ஒரே குரல். திண்டிவனத்தில் இறங்கியபோது மணி ஒன்பது இருக்கும். வேப்பிலைத் தோரணம் கட்டிய ஒரு சந்தின் முனையில், கூழ் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஒரு அம்மாள். குழாயில் ஈஸ்வரி உச்சத்துக்குப் போன இடத்தில், கையை நிறுத்தாமலே, அவளும் கூடப் போனாள்.