பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகளுக்கு

திருநெல்வேலி டவுண் ரத வீதிகளிலும் பேட்டை, பாட்டப்பத்து பக்கமும் இருக்கிற அண்ணாச்சிமாருக்கும் மைனிமாருக்கும் லண்டனிலிருந்து எழுதுகிறேன்.

மெட்ராஸ் காலாட்படை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் டபிள்யூ. ஜே. வில்சன், ஓய்வுக்குப் பின் அரசாங்கக் காகிதங்களைப் புரட்டிப் புரட்டி, 1882 முதல் 1889 வரை மெட்ராஸ் ராணுவத்தின் வரலாற்றை ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்தார். எந்தப் பட்டாலியன் எப்போது திரட்டப்பட்டது, எங்கே சண்டையிட்டது என்பதெல்லாம் அதில் உண்டு. பெரிய உழைப்பு, மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் செத்தவர், காயம்பட்டவர் கணக்கு வரும்போது நெஞ்சை அடைக்கிறது. வெள்ளை அதிகாரிக்குப் பெயர் இருக்கிறது. சிப்பாய்க்குப் பெரும்பாலும் எண்ணிக்கைதான்.

நம்ம சீமையையே பாருங்கள். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். மார்ச் 31 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய கிழக்கிந்தியக் கும்பினிப் படை தோற்றுத் திரும்பியது. மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைப் பெண்கள் துணியால் மூடி, அம்மை கண்டு செத்த பிணம் என்று சொல்லித் தூக்கிப்போன கதையை எழுதிவைத்தவர், கும்பினிப் படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ். 1830-இல் அவர் நூல் வந்தது. அதே படையில் நின்ற நம் ஊர்ச் சிப்பாய்கள் பார்த்ததும் பட்டதும் அவர்களோடு போயிற்று.

மெட்ராஸ் ரெஜிமென்டின் இருநூறு ஆண்டு வரலாற்றை எழுதிய பித்தியன்-ஆடம்ஸும் வில்சனைப் போல லெப்டினன்ட் கர்னல்தான், சிப்பாய் அல்ல.

எங்கள் தாத்தா 1942-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். அவர் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில், இடது புருவத்தில் தழும்பு என்று யாரோ ஒரு கிளார்க் மையில் எழுதியிருக்கிறார். தாத்தாவின் முகத்தில் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பரண்மேல் இருக்கிற டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் புத்தகம், முகாமிலிருந்து வந்த கடிதம் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சிப்பாய் நம்பர், பட்டாலியன், சேர்ந்த வருஷம், போன இடங்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நகல் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கும், இன்னொன்று பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கும் போகட்டும். வீட்டு ஆச்சிமாரிடம் முதலில் கேளுங்கள். மணியார்டர் எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த மாதம் வராமல் நின்றது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் டவுண் பிள்ளை