நிலவு மண் சேலத்திலிருந்து வரலாம், நாம் மட்டும் வரக்கூடாதா?

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது தமிழ்நாடும் புதுவையும் சேர்ந்தே கொண்டாடின. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து விழுப்புரத்துக்காரர். நெல்லித்தோப்பு டீக்கடைகளிலும் அன்று அவர் பேச்சுதான். பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் ‘தமிழர் சாதனை’ என்று சொல்லிக் கைதட்டிவிட்டுக் கலைந்துபோனால் ஒரு கேள்வி புதைந்துவிடும். நிலவையும் கோள்களையும் ஆராயும் ஆய்வகங்களுக்குள் யார் நுழையலாம்?

இந்தக் கேள்விக்கு நாடாளுமன்றம் எழுத்திலேயே பதில் சொல்லியிருக்கிறது. ஒன்றியக் கல்வி நிறுவனங்களின் மாணவர் சேர்க்கையில் இடஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2006இல் நிறைவேறியது. அதன் 4ஆவது பிரிவு, ‘உயர்சிறப்பு நிறுவனங்கள்’, ‘ஆராய்ச்சி நிறுவனங்கள்’ என்று சொல்லி ஒரு சிறு பட்டியலுக்கு விலக்கு தருகிறது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகம், டேராடூன் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2019இல் ஆசிரியர் பணியிடங்களுக்கான இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தபோதும் இவற்றுக்கு விலக்கு தொடர்ந்தது. அதாவது, அங்கே பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவருக்கு இடம் ஒதுக்கவேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. பேராசிரியர் பணிக்கும் இல்லை.

இவை ஏதோ மூலையில் கிடக்கும் நிறுவனங்கள் அல்ல, தோழர்களே. பிரக்யான் ஊர்தியில் இருந்த ஆல்ஃபா துகள் எக்ஸ்-கதிர் நிறமாலைமானியைச் செய்தது அகமதாபாத் ஆய்வகம். நிலவு மண்ணின் வெப்பத்தை அளந்த ‘சேஸ்ட்’ கருவி, திருவனந்தபுரம் ஆய்வகம் அகமதாபாத்துடன் சேர்ந்து உருவாக்கியது. இந்தியாவில் கோள்களின் கல்லையும் மண்ணையும் படிக்க விரும்பும் எவரும் தட்டவேண்டிய முதன்மையான கதவுகள் இவை. சமூக நீதி உள்ளே வராதபடி தாழிடப்பட்டிருப்பதும் இந்தக் கதவுகள்தான்.

காரணம் கேட்டால் வழக்கமான பல்லவிதான்: தகுதி, திறமை, தேச முக்கியத்துவம்.

அந்தத் தகுதிக் கதையைச் சேலத்தில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம். ஊர்தியின் சக்கரங்களையும் தரையிறங்கியின் கால்களையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் பெருஞ்செலவு. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் அனார்த்தோசைட் என்னும் பாறை கிடைக்கிறது. நிலவின் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் இவ்வகைப் பாறையால் ஆனவை. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியமைப்பியல் துறையின் பேராசிரியர் அன்பழகனும் அவருடைய குழுவினரும் அதை ஆராய்ந்தார்கள். பாறையைப் பொடித்து, சலித்து, நிலவு மண்ணின் துகள் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். சுமார் 50 டன் மண் பெங்களூருக்குப் போனது. இஸ்ரோ, பெரியார் பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி. ஆய்வாளர்களின் அந்தக் கூட்டு உழைப்புக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது.

பிரக்யான் நிலவில் அளந்த அளவீடுகளை வைத்து அகமதாபாத் குழுவினர் 2024 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். தரையிறங்கிய இடத்து மண் பெரும்பாலும் இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகை என்றது அந்தக் கட்டுரை. சித்தம்பூண்டிக் கல்லின் உறவுக்காரக் கல்!

பெரியார் பல்கலைக்கழகம் 69 விழுக்காடு இடஒதுக்கீடு நடைமுறையில் உள்ள மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம். அங்கே தயாரான மண்ணில் சோதித்துப் பார்த்த ஊர்தி நிலவில் ஓடியது. இடஒதுக்கீடு வந்தால் ஆராய்ச்சியின் தரம் குறையும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? இன்னொன்றும் கேட்போம். இதே விண்வெளித் துறையின் கீழ் திருவனந்தபுரத்தில் இயங்கும் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்லூரியான ஐ.ஐ.எஸ்.டி.யின் மாணவர் சேர்க்கையில் இடஒதுக்கீடு உண்டு. அங்கே படித்தவர்கள் இஸ்ரோவில் பொறியாளர்களாகிறார்கள். ராக்கெட் செய்ய இடையூறாக இல்லாத இடஒதுக்கீடு, கல்லை ஆராய்வதற்கு மட்டும் எப்படி இடையூறாகும்?

விலக்கு கேட்கும் ஆசை இந்தப் பட்டியலோடு நிற்கவில்லை. ஐ.ஐ.டி.களையும் இதே விலக்குப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று 2020இல் ஒன்றிய அரசு அமைத்த குழு ஒன்று பரிந்துரைத்தது. இந்தியாவின் ‘உயர்சிறப்பு நிறுவனங்களில்’ தலித், பழங்குடிப் பேராசிரியர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2023 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழ் எழுதியது. சட்டம் இருக்கும்போதே இந்த நிலை. விலக்கும் கிடைத்துவிட்டால்?

கதவைத் தாண்டி உள்ளே போனாலும் கதை முடிவதில்லை. கோள் புவியமைப்பியல் ஆய்வகம் என்பது கருவிகள் மட்டுமல்ல. கல்லை அறுத்து மெல்லிய சீவலாகத் தேய்த்துத் தரும் ஒப்பந்த ஊழியர், களத்தில் மாதிரி சுமப்பவர், இரவெல்லாம் நிறமாலையை அளக்கும் ஆய்வு மாணவர், கையெழுத்திடும் நெறியாளர் எல்லாரும் சேர்ந்ததுதான் ஆய்வகம். யாரைக் கருவியருகே விடுவது, யாரை மாதிரி பொடிக்க மட்டும் வைத்துக்கொள்வது, யார் பெயரைக் கட்டுரையில் முதலில் போடுவது, யாருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது எல்லாம் ஒரே நெறியாளரின் கையில். சட்டமும் கேட்காத இடத்தில் அந்தக் கையை யார் கேட்பது? இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்கிறார்கள். மாதாமாதம் வந்தால்தானே அது உதவி! சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022இல் நிறுத்தியேவிட்டார்கள்.

ரோஹித் வெமுலாவை மறக்கமுடியுமா? கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்பதுதான் தன் கனவு என்று இறுதிக் கடிதத்தில் அவர் எழுதிவைத்தார். சேகன் கோள்களை ஆராய்ந்தவர். அந்தக் கனவைக் கண்ட தலித் ஆய்வு மாணவரின் உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுபோயிருந்தது.

புதுவைக்காரர்களுக்குச் சுவர் புதிதல்ல. இங்குள்ள சம்பா கோயிலுக்குள் தலித் கிறித்தவர்களைப் பிரித்து உட்காரவைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் திரண்டு சென்று பாதிரியாரிடம் நியாயம் கேட்டதையும் சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் கேட்க முடிந்தது. இந்தச் சுவர் சட்டத்தின் அட்டவணைக்குள் ஒளிந்திருக்கிறது.

நெல்லித்தோப்பில் மாலை நேரத்தில் நான் பாடம் சொல்லித்தரும் பிள்ளைகளில் ஒருத்தி, “நிலாக் கல்ல ஆராய என்னக்கா படிக்கணும்?” என்று கேட்கிறாள். இளங்கலை, முதுகலை, நெட் தேர்வு என்று வழி சொல்லலாம். அந்த வழியின் முடிவில், ‘உனக்கு இடம் தரவேண்டிய கட்டாயம் எங்களுக்கில்லை’ என்று நாடாளுமன்றமே எழுதிக்கொடுத்த பலகை தொங்குவதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

ஆகவே கோரிக்கை தெளிவானது. இரண்டு சட்டங்களிலும் உள்ள விலக்கு அட்டவணையை நீக்கவேண்டும். விண்வெளித் துறையின் ஒவ்வொரு ஆய்வகமும் ஆய்வு மாணவர்கள், பேராசிரியர்கள், ஒப்பந்த ஊழியர்களின் சமூகவாரிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். உதவித்தொகை மாதாமாதம் வரவேண்டும். சந்திரயான் வெற்றியில் தமிழ்ப் பெருமை பேசிய புதுவை, தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்பவேண்டும். எழுப்பும்வரை அவர்களை விடாமல் கேட்கவேண்டியது நம் வேலை.