எடுத்து வைத்தால் போதுமா? திறந்து பாருங்கோ!

களனி கங்கை பெருகினால் பேலியகொடை வீடுகளில் முதலில் மேலே ஏறுவது டிவி இல்லை, சான்றிதழ் பை. விவரமான அம்மாமார் போட்டோப் பிரதி ஒன்றை வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டிலும் கொடுத்து வைப்பார்கள். அசலும் பிரதியும் ஒரே அலுமாரியில் இருந்தால் வெள்ளம் இரண்டையும்தானே கொண்டு போகும்?

இந்தச் சின்ன விஷயத்தில்தான் எங்கட அரசாங்கம் 2023 இல் கோட்டை விட்டது. அந்த ஓகஸ்ட்டில், கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் ரான்சம்வேர், அரசின் கிளவுட் சேவைக்குள் நுழைந்தது. மின்னஞ்சல்களோடு, இணைப்பிலேயே இருந்த பிரதிகளும் பூட்டுப்பட்டன. இணைப்புக்கு வெளியே எடுத்து வைத்த பிரதியைத் தேடினால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை ஒன்றுமே இல்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. ஒரு கந்தோருக்கு நாங்கள் அனுப்பும் மின்னஞ்சல்தான் பல நேரம் எங்கட ஒரே சாட்சி. அது அழிந்தால், "அப்படி ஒண்டும் வரேல்லையே" என்ற பதிலுக்கு நாங்கள் எதைக் காட்டுவது?

டேப் எல்லாம் பழைய காலத்துச் சாமான் என்று சிரிக்கிறோம். ஆனால் கழற்றி அலுமாரியில் வைத்த டேப்பை எந்த ரான்சம்வேரும் தொட முடியாது. 2011 இல் மென்பொருள் பிழையொன்றால் சிலருடைய ஜிமெயில் கடிதங்கள் காணாமல் போனபோது, கூகுளே டேப்பிலிருந்துதான் அவற்றை மீட்டது. யுனிக்ஸ் சேர்வர்களில் இன்றும் பாவிக்கும் 'டார்' கட்டளையின் பெயரே 'டேப் ஆர்கைவ்' என்பதன் சுருக்கம்தான்.

அதற்காக டேப் இருந்தால் எல்லாம் சரி என்றும் இல்லை. முதலில் முழுப் பிரதி, பிறகு ஒவ்வொரு நாளின் மாற்றங்கள் என்று வரிசையாகத்தான் மீட்க வேண்டும். நடுவில் ஒரு டேப் பழுதென்றால் அந்த நாள் போச்சு. 'டார்' கட்டளையில் 'எக்ஸ்' என்று அடித்தால் கோப்பு வெளியே வரும். பதற்றத்தில் 'சி' என்று அடித்தால் டேப்பில் இருந்ததன் மேலேயே எழுதிவிடும்! பழகாத கைக்கு இது அவசர நேரத்தில் வராது. 2017 ஜனவரியில் கிட்லாப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சேர்வரில் தரவுகளை அழித்துவிட்டார். ஐந்து வழிகளில் பிரதி எடுக்க ஏற்பாடு இருந்தும் ஒன்றும் கைகொடுக்கவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த பிரதிதான் காப்பாற்றியது.

ஆகவே, மீட்டுப் பார்க்காத பிரதி பிரதியே இல்லை என்பதுதான் எங்கள் கருத்து. "பேக்கப் இருக்கா?" என்று அரசிடம் கேட்பதில் பிரயோசனம் இல்லை. "கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். அந்தத் திகதியை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும்.

எங்களையும் கேட்டுக்கொண்டோம். எங்கட குழுவின் நேர்காணல் ஒலிப்பதிவுகளைப் போன மாதம் பிரதியிலிருந்து வேறொரு கணினியில் திறந்து பார்த்தோம். ஒரு கோப்புறை வெறுமையாக இருந்தது. நல்ல காலம், அசல் பத்திரமாக இருந்தது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளுக்கு அந்த நல்ல காலம் வாய்க்கவில்லை.

இந்த ஞாயிறு உங்கட பிரதியிலிருந்தும் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கோ.