டி டிரைவில் போட்டால் பத்திரமா?

விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதற்கு முன் நம் வீடுகளில் நடக்கும் ஒரே முன்னேற்பாடு, டெஸ்க்டாப்பில் கிடப்பதையெல்லாம் அள்ளி டி டிரைவில் போடுவது. ‘சி-யை மட்டும்தான் சார் ஃபார்மட் பண்ணுவோம், டி-யில இருக்கிறது அப்படியே இருக்கும்’ என்று கடைக்காரரும் சொல்லிவிடுவார். கல்யாண ஆல்பம், குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் அந்த ஒரு சொல்லை நம்பிக் கிடக்கின்றன. இந்த நம்பிக்கை தவறு. பல குடும்பங்களின் பல வருடப் புகைப்படங்களைத் தின்ற தவறு.

பெரும்பாலான மடிக்கணினிகளில் டி என்பது தனி டிஸ்க்கே அல்ல. ஓர் அறையைத் திரை கட்டி இரண்டாக்கியது போல, ஒரே டிஸ்க்கைப் பிரித்து ஒரு பாதிக்கு சி, மறு பாதிக்கு டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கூரை விழுந்தால் இரண்டு பக்கமும்தான் விழும். அப்படிப் பிரிப்பதற்கு ஒருகாலத்தில் நியாயமான காரணம் இருந்தது. விண்டோஸ் 95-இன் தொடக்க நாட்களில் ஃபேட்16 முறை ஒரு பகுதிக்கு 2 ஜிபிக்கு மேல் இடம் தராது; அதைவிடப் பெரிய டிஸ்க்கைப் பிரித்தே ஆக வேண்டும். எக்ஸ்பி ஏற்றும்போது வரும் நீலத் திரையிலும் சி, டி என்ற எழுத்துகள் தெரிந்ததால் எது எது என்ற குழப்பமும் இல்லை. காரணம் மறைந்து வெகுகாலமாகிவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

இன்று விண்டோஸ் 11 நிறுவும் திரையைச் சற்று உற்றுப் பாருங்கள். ‘டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1’, ‘பார்ட்டிஷன் 2’ என்று வரிசையாக வரும். 100 எம்பியில் ஒன்று, 16 எம்பியில் ஒன்று, அப்புறம் ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு பெரிய பகுதிகள். எது சி, எது டி என்று சொல்ல எழுத்து இருக்காது. அளவை வைத்து ஊகித்து ‘டெலீட்’ அழுத்துகிறார்கள். ஊகம் தப்பினால் போனது போனதுதான். ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்பு மென்பொருளால் கொஞ்சமாவது தேற்றலாம். எஸ்எஸ்டியில் ஃபார்மட் செய்ததுமே அந்த இடங்களைக் காலி என்று அறிவிக்கும் ட்ரிம் கட்டளை போய்விடுவதால், பெரும்பாலும் அதற்கும் வழியில்லை.

சரியான பகுதியைத் தேர்ந்தெடுத்தாலும் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் 11-க்கு மாறுகிற கணினிகள் ஏராளம். அவற்றில் பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்குகளும் உண்டு. யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் நிறுவப் போனால், ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்த டிஸ்க்கில்தான் ஏற்ற முடியும் என்று விண்டோஸ் அடம்பிடிக்கும். அவசரத்தில் இருக்கிற டெக்னீஷியன் கறுப்புத் திரையைத் திறந்து, டிஸ்க்பார்ட் என்ற கருவிக்குள் போய், ‘கிளீன்’ என்று ஒரு சொல் அடிப்பார். சில நொடிதான். அந்தச் சொல் சி-யை மட்டும் துடைப்பதில்லை; டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை முழுவதையும் துடைக்கிறது. டி-யும் அதோடு சரி. கோப்புகளை அழிக்காமல் மாற்றித் தர ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவியை 2017-லேயே விண்டோஸ் 10-க்குள் வைத்துவிட்டார்கள். அதை முதலில் ஓட்டிப் பார்க்கிற பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது?

எனக்கு மிகவும் கோபம் வருவது அடுத்த விஷயத்தில். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் பிட்லாக்கர் என்ற குறியாக்க முறையால் பூட்டப்படுகிறது. கணினிக்குள்ளேயே இருக்கும் டி-யும் சேர்ந்தே பூட்டப்படுகிறது. தினமும் அது தானாகத் திறப்பதற்கான சாவி சி-யில் இருக்கிறது. சி-யை ஃபார்மட் செய்தால் அந்தச் சாவியும் அழிந்துவிடும். டி-யை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் பூட்டுப் படத்துடன் நின்று 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம். அந்தக் கணக்கைக் கடைப் பையன் தன் மின்னஞ்சலில் திறந்து கொடுத்திருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? ஃபார்மட்டுக்கு முன்பே அந்த எண்ணைத் தேடி எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள் என்று வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்ல என்ன தடை?

டி-க்குப் போகாமலே தொலைகிறவையும் நிறைய. டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் சி-யின் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவரின் டேலி தரவும், இடத்தை மாற்றி வைக்காவிட்டால், அங்கேதான். எழுத்துருக்களோ ‘விண்டோஸ்’ ஃபோல்டரில். வீட்டுப் பெரியவர் பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த குடும்ப வரலாறு டி-யில் பத்திரமாகவே இருக்கும். எழுத்துரு போயிருந்தால், திறக்கும்போது தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும்.

செய்ய வேண்டியதற்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் ஒரு மாலைப் பொழுதும் போதும். ‘யூசர்ஸ்’ ஃபோல்டரை முழுதாக, டி-யை முழுதாக, எழுத்துருக்களைத் தனியாக நகலெடுங்கள். அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நான்கு படங்களையாவது திறந்து பாருங்கள். பிறகு கழற்றி அலமாரியில் வையுங்கள். விண்டோஸ் போடும் பென்டிரைவில் எதையும் சேமிக்காதீர்கள், நிறுவும் கோப்பை எழுதும்போது அது முழுவதும் அழிக்கப்படும். வைஃபை டிரைவரை இறக்கி வேறொரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமைக்கும்போதே விண்டோஸ் 11 இணையம் கேட்கும்.

நகல் அலமாரிக்குப் போன பிறகு, எந்த பார்ட்டிஷன் எது என்று ஊகிக்கிற வேலையே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெற்று டிஸ்க்கில் ஏற்றச் சொல்லலாம். வேண்டிய பகுதிகளை விண்டோஸே பிரித்துக்கொள்ளும்.