முதல் கபால நரம்புக்கு ஒரு வரி

“நாக்கு செத்துப்போச்சு டாக்டர், எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி இருக்கு.” கம்மாபுரம், விருத்தாசலம் வட்டாரத்தில் புறநோயாளர் பிரிவில் உட்காரும் எந்த மருத்துவருக்கும் இந்தப் புகார் புதிதல்ல. நாக்கை நீட்டச் சொல்லி, டார்ச் அடித்து, வெள்ளை படிந்திருக்கிறதா என்று பார்த்து, பி காம்ப்ளெக்ஸ் எழுதித் தருவதோடு பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடுகிறது. மூக்கைப் பற்றி ஒரு கேள்வியும் எழுவதில்லை.

ஆனால் ருசி போய்விட்டது என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கெட்டிருப்பது நாக்கு அல்ல, மூக்கு. மென்று விழுங்கும்போது உணவின் ஆவி தொண்டையின் பின்புறமாக ஏறி மூக்கின் கூரையைத் தொடுகிறது. சாம்பாரைச் சாம்பாராகவும் ரசத்தை ரசமாகவும் பிரித்துக் காட்டுவது அந்தப் பின்வழிக் காற்றுதான். நாக்குக்குத் தெரிவதெல்லாம் இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்து மட்டும். மிளகாயின் காரம் இந்தப் பட்டியலிலேயே வராது. அது ட்ரைஜெமினல் நரம்பின் வலி, வெப்ப உணர்வு. மணம் போனவருக்கும் மிளகாய் சுரீரென்று உறைக்கும். அதனாலேயே அவர், “காரம் தெரியுது, ருசிதான் தெரியலை” என்பார். நோயறிதலில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

முதலாமாண்டில் எல்லோரும் பார்த்த ஸ்லைடுதான். இருந்தாலும் இன்னொரு முறை பார்க்கலாம். நாசி அறையின் கூரையில், கிரிப்ரிஃபார்ம் தட்டுக்கு நேர் கீழே, மேல் டர்பினேட்டுக்கும் செப்டத்துக்கும் இடைப்பட்ட குறுகிய இடுக்கில், பக்கத்துக்குச் சில சதுர சென்டிமீட்டர் மட்டுமே பரவியிருக்கிறது ஆல்ஃபாக்டரி எபிதீலியம். சாதாரண மூச்சில் உள்ளே போகும் காற்றில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அந்த இடுக்கை எட்டும். மோந்து பார்க்கும்போது மட்டும் அது கூடுகிறது. நுண்ணோக்கியில் மூன்று வரிசை நியூக்ளியஸ்கள் தெரியும். மேலே நீள்வட்டமாகத் தாங்கு செல்களுடையவை, நடுவில் உருண்டையாக நியூரான்களுடையவை, அடியில் சிறியதாக அடிச்செல்களுடையவை. பக்கத்துச் சுவாச எபிதீலியத்தில் இருக்கும் கோப்லெட் செல்கள் இங்கே கிடையாது. கோழையைத் தருவது கீழே பதிந்திருக்கும் பௌமன் சுரப்பிகள். சுவாசப் பகுதியின் சிலியாக்கள் துடித்துத் தூசியைத் தள்ளும். இங்கே நியூரானின் முனையில் இருக்கும் சிலியாக்கள் அசைவதே இல்லை. கோழைக்குள் படுத்துக்கிடந்து மணமூலக்கூறுகளைப் பிடிக்கின்றன.

உடலின் நரம்புச் செல்களில் வெளிக்காற்றில் நேரடியாக நனைவது இந்த நியூரான் ஒன்றுதான். அந்த ஆபத்துக்கு ஈடாக, செத்த நியூரானுக்குப் பதில் அடிச்செல்களிலிருந்து புது நியூரான் பிறந்துகொண்டே இருக்கிறது. புதியதன் ஆக்சான், எத்மாய்டு எலும்பின் துளைகள் வழியே மேலேறி, தனக்குரிய குளோமெருலஸைத் தேடிப் பிடிக்க வேண்டும். 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் மண ஏற்பிகளின் பெரிய மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்து, 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதருக்கு வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறக்குறைய 400. ஒரு நியூரானுக்கு ஒரே வகை ஏற்பி. தலையின் பின்புறம் அடிபட்டு மூளை குலுங்கினால் கிரிப்ரிஃபார்ம் தட்டைக் கடக்கும் மெல்லிய நரம்பிழைகள் அறுந்துபோகின்றன. ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்து, சி.டி. ஸ்கேன் நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் சில வாரம் கழித்து, “சோறு சப்புன்னு இருக்கு” என்று வந்தால், நாக்கைப் பார்த்துப் பயனில்லை.

நாக்குக்கும் அதற்குரிய நியாயம் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஃபிலிஃபார்ம் பாப்பிலாக்களில் சுவை மொட்டே கிடையாது. ஃபங்கிஃபார்ம், ஃபோலியேட், அடிநாக்கில் தலைகீழ் ‘வி’ வடிவில் நிற்கும் எட்டுப் பத்து சர்க்கம்வல்லேட் பாப்பிலாக்கள் ஆகியவற்றில்தான் மொட்டுகள் இருக்கின்றன. ஒரு மொட்டில் 50 முதல் 100 செல்கள். அவற்றில் பெரும்பாலானவை பத்து நாள் அளவில் புதுப்பிக்கப்படுகின்றன. கார்டா டிம்பனி, குளோசோஃபாரின்ஜியல், வேகஸ் என்று மூன்று நரம்புகள் பங்கு போட்டுக்கொள்வதால் சுவை முழுவதுமாக அற்றுப்போவது அரிது. நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்ற நாக்குப் படம் 1901இல் ஹேனிக் எழுதிய ஜெர்மன் கட்டுரையைப் பிற்காலத்தார் தவறாகப் படித்ததால் வந்தது. அந்தப் படம் இன்னும் வகுப்பறைச் சுவர்களில் தொங்குவது வருத்தத்துக்குரியது.

கோவிட் இந்தத் திசுவை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தியது. 2020 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் மணம், சுவை இழப்பை அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது. வைரஸ் நுழையத் தேவையான ஏ.சி.இ.2 ஏற்பி நியூரான்களில் அல்ல, தாங்கு செல்களில்தான் இருக்கிறது என்று அதே ஆண்டில் தெரியவந்தது. பலருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பியதற்கும், சிலருக்கு மாதக்கணக்கில் காபி சாக்கடையாக நாறியதற்கும் விளக்கம் இந்த மூன்று வரிசை ஸ்லைடில்தான் இருக்கிறது.

இனி இந்த ஊருக்கு வருவோம். விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வார்த்துக் காய்ந்த பொம்மையின் விளிம்பைத் தேய்த்துச் சீராக்கும்போது எழும் தூசி முதலில் படிவது மூக்கில். சிலிக்கா என்றவுடன் மருத்துவர்கள் நெஞ்சு எக்ஸ்ரே கேட்கிறார்கள்; கேட்கவும் வேண்டும். ஆனால் பீங்கான் தொழிலில் உலகெங்கும் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்குக் காட்மியச் சேர்மங்கள் புழங்கிவந்திருக்கின்றன. காட்மியம் நுகர்வு நரம்பைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. ஸ்வீடனில் பேட்டரித் தொழிலாளர்களை ஆராய்ந்த லார்ஸ் ஃப்ரீபெர்க் 1950லேயே மணமிழப்பைப் பதிவு செய்துவிட்டார். ஆகவே பட்டறையிலிருந்து வருபவரிடம், “என்ன வேலை?” என்று கேட்டால் போதாது, “எந்த வண்ணப்பொடி, யார் கலக்குகிறார்கள்?” என்றும் கேட்க வேண்டும். வயதாக ஆக நுகர்ச்சித் திசுவின் திட்டுகளைச் சுவாசத் திசு ஆக்கிரமிப்பது இயல்பு. நாற்பது வயதில் மணம் தெரியாமல் போவது இயல்பல்ல.

இதே கடலூர் மாவட்டத்தில் மூக்கையே கருவியாக்கிய மக்கள் இருக்கிறார்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஈச்சங்காடு, குடிகாடு முதலிய ஊர்க்காரர்கள் 2004இல் ‘சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்’ என்று குழுவாகச் சேர்ந்து, எந்த நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், என்ன வாடை வந்தது என்று பதிவேடு எழுதத் தொடங்கினார்கள். அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டன் என்று பழகிக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவில் 1990களில் உருவான வாளி முறையில் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மூக்கு சொன்னதை ஆய்வகமும் சொன்னது. அந்த ஆண்டே அறிக்கையும் வெளிவந்தது. மெர்காப்டனை நூறு கோடியில் ஒரு சில பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். படிப்பறிவு குறைந்தவர்களின் வாய்வார்த்தை என்று ஒதுக்கப்பட்டது, முறையாகக் குறித்தபோது ஆதாரமானது.

அந்த மூக்குக்கும் எல்லை உண்டு. நியூரானுக்குள் புகும் கால்சியம் அதே நியூரானின் வாயிலைச் சுருக்குவதால், தொடர்ந்து வீசும் வாடை சில நிமிடத்தில் மங்கிப்போகிறது. உள்ளூர்க்காரர், “ஒண்ணும் தெரியலையே” என்பார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர் மூக்கைப் பொத்துவார். ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் கொடியது. பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவில் அது நுகர்ச்சியையே முடக்கிவிடும். வாடை நின்றதும் ஆபத்து நீங்கியதென்று கழிவுத் தொட்டிக்குள் இறங்குபவர்கள் மாண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோதிக்கக் கருவி இல்லை என்ற சாக்கு செல்லாது. பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தின் 40 மணச் சோதனையில் ரூட் பீரும் டில் ஊறுகாயும் இருக்கின்றன. நம் நோயாளிக்கு அவை ஒன்றும் பரிச்சயமில்லை. இங்கே காபித்தூளும் மல்லிகையும் பெருங்காயமும் போதும். மூடிய சிறு குப்பிகளில் வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒரு நாசியை அடைத்து மறு நாசியில் மோந்து பார்க்கச் சொல்ல வேண்டும். கற்பூரமும் தைலமும் அம்மோனியாவும் கூடாது. அவை ட்ரைஜெமினலைக் கிள்ளுவதால், மணமே தெரியாதவரும், “தெரியுது” என்பார். அதே அம்மோனியாவைக்கூட உணரவில்லை என்று ஒருவர் சாதித்தால், அது வேறு கதை.

இரண்டு நிமிட வேலை. கம்மாபுரம், விருத்தாசலம் பகுதி மருத்துவர்கள் பட்டறையிலிருந்து வரும் ஒவ்வொரு தொழிலாளியின் கேஸ் ஷீட்டிலும் ‘மணம்: வலது, இடது’ என்று ஒரு வரி சேர்த்து, ஆண்டுக்கொரு முறை அதை நிரப்ப வேண்டும் என்று இந்த இதழ் கேட்டுக்கொள்கிறது. காபித்தூளை மட்டும் மாதம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.