பேனாவும் கூடையும்

கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைகளின் செல்வம் யாதென வினவின், தேயிலை என்பர் யாவரும். ஆயின் இம்மலைகளை முன்னர் ஆண்டது கோப்பியே. 1869இல் இலங்கையிற் கண்டறியப்பெற்ற இலைத்துரு நோய் அதனை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரிற் பயிரிட்ட தேயிலையே பின்னர் மலையெங்கும் பரவிற்று. பயிர் மாறிற்று, தென்னாட்டிலிருந்து வந்த நம் முன்னோரின் உழைப்பு மாறவில்லை.

ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று நூதனசாலையாக விளங்குகின்றது. கொழுந்தை வாட்டவும் உருட்டவும் உலர்த்தவும் உழைத்த பொறிகள் காட்சிப்பொருள்களாயின. பொறிகளுக்கு அஃது ஏற்புடைத்து. பொறிகளை இயக்கிய மக்களின் வழித்தோன்றல்களுக்கு வேலை எங்கே?

தம் மக்கள் கூடை சுமத்தலாகாது எனப் பெற்றோர் கருதுவதிற் குறை காணோம். பன்னாட் போராட்டத்தின் பின்னரே, 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாயிற்று. ஆயினும், கூடையை விட்டால் எழுதுவினைஞர் பேனாவே கதி என எண்ணுதல் தகாது. உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழக அனுமதி பெறுவோர் சிலரே. ஏனையோருட் பலர் கொழும்புக் கடைகளிற் சிற்றாட்களாக அமர்கின்றனர். பதின்மூன்றாண்டுக் கல்விக்குப் பயன் இதுதானோ?

பேனாவுக்கும் கூடைக்கும் இடையே பரந்த வெளியொன்று உண்டு. மின்னிணைப்பு, பொறி திருத்தம், தேயிலைச் சுவை தேர்தல், கணக்கியல், உல்லாசப் பயணத்துறை ஆகிய யாவும் அவ்வெளியிற் கிடப்பனவே. பல்லேகலையிற் கைத்தொழிற் பேட்டை இருக்கின்றது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பெற்றது. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழும் உண்டு. வாயில்கள் உள, அவற்றின்வழி நம் மாணவரை அழைத்துச் செல்வாரே அரியர்.

மருத்துவரும் பொறியியலாளருமே கல்லூரிக்குப் பெருமை என்னும் எண்ணம் ஒழிதல் வேண்டும். பழுதற்ற வேலை செய்யும் மின்வினைஞன் எவ்வகையில் தாழ்ந்தவன்? கைத்தொழிலை இழிவாகக் கருதும் சமூகம் தன் பிள்ளைகளைத் தானே வேலையற்றோராக்குகின்றது.

பழைய மாணவர்களே! உங்களிற் பலர் இந்நகரில் வணிகராயும் தொழிலதிபராயும் அலுவலராயும் விளங்குகின்றீர்கள். விழா நினைவாக மண்டபம் எழுப்புதல் நன்றே. அதனினும் நன்று, உங்களுள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் நம் மாணவர் ஒருவரைத் தொழில் பயில ஏற்று, உரிய படியும் வழங்கிச் சான்றிதழ் பெறச் செய்தல். அவ்வாறு செய்வீராயின், அடுத்த விழா மலரில் அம்மாணவரின் பெயர்களும் பழைய மாணவர் வரிசையிற் பெருமையுடன் இடம்பெறும்.