'மாற்று' என்னும் வசதியான சொல்

மொழியியல் பயின்ற எனக்குக் கட்டுமானக் கருத்தரங்குகளில் எழும் முதல் ஐயம் ஒரு சொல்லைப் பற்றியதே. சிமெண்டுக்கு அடைமொழி இல்லை. ஏனைய யாவும் 'மாற்றுப் பொருள்'. ஆய்வு தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் செங்கல்லால் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் அரை நூற்றாண்டாக நிற்கிறது. இன்றும் அது நமக்கு 'முயற்சி' மட்டுமே.

ஜியோபாலிமருக்கும் இதே கதி. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸில் சுடுகிறோம். எரிபொருள் போக, கல்லே கரியமில வாயுவை உமிழ்கிறது. வெண்களிமண்ணுக்கு 700 பாகை அளவே போதும். மண்ணிலிருந்து வெளியேறுவது நீராவி. பின்னர்க் காரக் கரைசல் அதைக் கல்லாக இறுக்குகிறது. அந்த வெண்களிமண் இம்மாவட்டத்துத் தோன்னய்க்கல்லிலேயே கிடைக்கிறது.

கரைசலுக்கான சோடியம் சிலிகேட்டும் உலையில் பிறப்பதே; எரிசோடா தொழிலாளியின் தோலைப் பொசுக்கும். மறுக்கவில்லை. அவை கணக்கிட வேண்டிய செலவுகள். காலம் கடத்தும் சாக்குகள் அல்ல.

காரத்தால் தூண்டப்பட்ட கான்கிரீட்டை முன்வார்ப்புப் பொருள்களில் பயன்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2020இலேயே வழிகாட்டுநெறி வெளியிட்டது. 'தரநிலையே இல்லையே' என்ற பழைய பதிலின் பாதி வலு அன்றே போயிற்று. மீதியை ஆய்வகத்துக்கு வெளியேதான் தீர்க்க முடியும்.

ஆய்வேடுகளை அடுக்கும் பல்கலைக்கழகங்கள் தம் வளாக நடைபாதைக் கற்களையேனும் இதில் வார்க்கட்டும். பத்துப் பருவமழைகளில் அவற்றின் தேய்மானத்தை அளந்து, முடிவு எதுவாயினும் வெளியிடட்டும். அதுவரை 'மாற்று' என்பது ஆய்வுச் சொல் அன்று, ஒத்திவைப்பின் மறுபெயர்.